அறிக்கையில் வரும் ‘சிடி3’: டி செல் ஏற்பியின் அமைப்பும் அது உருவாகும் முறையும்

எங்கள் பிரிவிற்கு வரும் குடும்பங்களின் கோப்புகளில் ‘புளோ சைட்டோமெட்ரி’ என்னும் பரிசோதனையின் அறிக்கை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதில் சிடி3, சிடி4, சிடி8, சிடி19 என்று வரிசையாகப் பெயர்களும், அவற்றுக்கு எதிரே எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். எண் குறைந்தால் கவலை கொள்கிறோம். கூடினால் ஆறுதல் அடைகிறோம். ஆயினும் அந்த எண் எதனை எண்ணிப் பெற்றது என்பதை விளக்கிக் கூறப் புறநோயாளர் பிரிவின் நெருக்கடியில் போதிய நேரம் கிடைப்பதில்லை. அக்குறையை ஓரளவு நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிடி3 என்பது தனித்து நிற்கும் ஒரு பொருள் அன்று. டி செல் என்னும் வெள்ளை அணுவின் மேற்பரப்பில் அமைந்துள்ள ‘டி செல் ஏற்பி’ என்னும் கூட்டமைப்பின் ஒரு பகுதியே அது. இக்கூட்டமைப்பு எவ்வாறு அமைந்துள்ளது, எந்த ஒழுங்கில் ஒன்றுகூடுகிறது என்பதை அறிந்துகொண்டால், அறிக்கையின் பல வரிகளும், நாங்கள் கூறும் பல எச்சரிக்கைகளும், சில மருந்துகளின் செயல்பாடும் தாமாகவே விளங்கும்.

ஏற்பியின் பணி

நம் ரத்தத்திலும் நிணநீரிலும் உலவும் லிம்போசைட்டுகளுள் இரு பெரும் வகைகள் உள்ளன. எதிர்ப்பொருள்களைச் சுரப்பவை பி செல்கள். நோய்க்கிருமி புகுந்த செல்லை நேரில் கண்டறிந்து அழிப்பவையும், பிற அணுக்களுக்கு ஆணையிடுபவையும் டி செல்கள். இவை எலும்பு மஜ்ஜையில் தோன்றி, மார்பெலும்பிற்குப் பின்னால் இதயத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன.

ஒரு வைரஸ் செல்லின் உள்ளே ஒளிந்துகொண்டால், வெளியில் உலவும் டி செல் அதனை எவ்வாறு அறியும்? நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தமக்குள் இருக்கும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக வெட்டி, அவற்றை எச்.எல்.ஏ. எனப்படும் தாங்கியின் மீது ஏந்தி, வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. வாயிற்காவலரிடம் அடையாள அட்டையை நீட்டிக் காட்டுவதைப் போன்றது இது. அட்டையில் இருப்பது நம் சொந்தப் புரதத்தின் துணுக்காயின் டி செல் கடந்து சென்றுவிடும். அயல் துணுக்காயின் நின்றுவிடும். அந்த அட்டையைப் படிக்கும் உறுப்பே டி செல் ஏற்பி.

துணுக்கு, அதனை ஏந்திய தாங்கி ஆகிய இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் டி செல் செயல்படும் என்பதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு செய்த பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் 1974-இல் வெளியிட்டனர். அதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். கொடையாளியின் டி செல்கள் நோயாளியின் தாங்கிகளை அயலானவை என்று படித்துவிடக் கூடாது அன்றோ?

எட்டுச் சங்கிலிகள்

ஏற்பி என்ற ஒருமைச் சொல்லால் குறிப்பிட்டாலும், அது எட்டுப் புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு குழுவாகும். அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். அவை நான்கு இணைகளாக நிற்கின்றன:

முதல் இணை: ஆல்ஃபாவும் பீட்டாவும்.
இரண்டாம் இணை: சிடி3 டெல்ட்டாவும் சிடி3 எப்சிலானும்.
மூன்றாம் இணை: சிடி3 காமாவும் சிடி3 எப்சிலானும்.
நான்காம் இணை: ஸீட்டா சங்கிலிகள் இரண்டு.

இவற்றுள் ஆல்ஃபா–பீட்டா இணை மட்டுமே வெளியில் நீண்டு நின்று அட்டையைப் படிக்கிறது. ஒவ்வொரு டி செல்லிலும் இந்த இணையின் நுனி வெவ்வேறு வடிவில் அமைந்திருக்கும். மற்ற ஆறு சங்கிலிகளும் எல்லா டி செல்களிலும் ஒரே மாதிரியானவை, மாற்றமில்லாதவை.

ஒரு வினா எழலாம். படிப்பதற்கு இரண்டு சங்கிலிகள் போதுமெனில் மற்ற ஆறும் எதற்கு? ஆல்ஃபா, பீட்டா ஆகியவற்றின் உட்புற வால் மிகவும் குட்டையானது. அவை படித்த செய்தியைத் தாமாகச் செல்லின் உள்ளே சொல்ல இயலாது. கோயில் மணியை எண்ணிப் பாருங்கள். கயிற்றை இழுக்கும் கை வேறு. ஒலிக்கும் மணி வேறு. ஆல்ஃபாவும் பீட்டாவும் கயிற்றைப் பற்றிய கை. சிடி3 சங்கிலிகளும் ஸீட்டா சங்கிலிகளும் உள்ளே ஒலிக்கும் மணி. கை இல்லாத மணியும், மணி இல்லாத கையும் பயனற்றவை.

ஒரு பெயர்க்குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். டி செல்களில் ஒரு சிறுபான்மைப் பிரிவு, ஆல்ஃபா–பீட்டாவுக்கு மாறாக, காமா–டெல்ட்டா என்னும் வேறோர் இணையைப் படிக்கும் கருவியாகக் கொண்டுள்ளது. அந்தக் காமாவும் டெல்ட்டாவும், சிடி3 காமா, சிடி3 டெல்ட்டா ஆகியவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. அறிக்கையில் இரு பெயர்களையும் காண்போர் மயங்க வேண்டியதில்லை.

ஏற்பியின் படிக்கும் சங்கிலிக்கான மரபணு 1984-இல் தான் கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழுவினர் எலியிலும், கனடாவின் டொராண்டோவில் டாக் மாக் குழுவினர் மனிதரிலும் அதனைத் தனித்தனியே வெளிப்படுத்தினர். எட்டுச் சங்கிலிகளும் கூடி நிற்கும் முழு உருவத்தைக் காண மேலும் 35 ஆண்டுகள் ஆயின. 2019-இல் சீன அறிவியலாளர்கள், மூலக்கூறுகளை உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்க்கும் முறையில் அந்த உருவத்தை வெளியிட்டனர்.

எட்டும் கூடும் முறை

எட்டுச் சங்கிலிகளும் ஒன்றையொன்று எவ்வாறு அடையாளம் காண்கின்றன? இதற்கான விடை, செல் சவ்வின் ஊடே செல்லும் பகுதியில் உள்ளது.

செல் சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்புக்குள் மின்னேற்றம் உடைய பொருள் தங்குவது அரிது. எண்ணெயில் உப்பு கரையாததைப் போன்றது அது. ஆகையால் சவ்வினுள் அமையும் புரதப் பகுதிகளில் மின்னேற்றம் உடைய அமினோ அமிலங்கள் பொதுவாக இருப்பதில்லை. டி செல் ஏற்பியோ இதற்கு விலக்கு. ஆல்ஃபாவில் இரண்டு, பீட்டாவில் ஒன்று என மூன்று நேர்மின்னேற்றங்கள் சவ்வுக்குள்ளேயே உள்ளன. மற்ற ஆறு சங்கிலிகளிலும் தலைக்கு ஒன்றாக ஆறு எதிர்மின்னேற்றங்கள் உள்ளன. ஒரு நேர்மின்னேற்றத்தை இரண்டு எதிர்மின்னேற்றங்கள் பற்றிக்கொள்கின்றன. இவ்வாறு மூன்று முடிச்சுகள் விழும்போது எட்டுச் சங்கிலிகளும் ஒன்றாகப் பிணைகின்றன. எந்த மின்னேற்றம் எதனுடன் சேருகிறது என்பதை 2002-இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து உறுதிசெய்தனர்.

இந்த ஒன்றுகூடல் செல்லின் உள்ளே, எண்டோபிளாச வலை என்னும் புரதத் தொழிற்கூடத்தில் நிகழ்கிறது. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எப்சிலான், டெல்ட்டாவுடன் ஓர் இணையாகவும் காமாவுடன் மற்றோர் இணையாகவும் சேர்கிறது. பின்னர் டெல்ட்டா–எப்சிலான் இணை ஆல்ஃபாவைப் பற்றுகிறது. காமா–எப்சிலான் இணை பீட்டாவுடன் சேர்கிறது. ஆல்ஃபாவும் பீட்டாவும் கந்தகப் பிணைப்பால் கட்டுறுகின்றன. ஆறு சங்கிலிகளும் நிலைகொண்ட பின், கடைசியாக ஸீட்டா இணை வந்து சேர்கிறது. அப்போதுதான் கூட்டமைப்பு முழுமையடைந்து, செல்லின் மேற்பரப்புக்கு அனுப்பப்படுகிறது.

இணை கிடைக்காத சங்கிலியின் கதி என்ன? அதற்கு வெளியேற அனுமதி இல்லை. தனித்து நிற்கும் ஆல்ஃபாவின் மூடப்படாத மின்னேற்றமே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொழிற்கூடத்தின் சோதனையாளர்கள் அதனைப் பிடித்துச் சிதைத்துவிடுகின்றனர். ஸீட்டா சேராமல் ஆறு மட்டும் கூடிய அரைகுறை அமைப்பும் பெரும்பாலும் லைசோசோம் என்னும் சிதைவறைக்கே அனுப்பப்படுகிறது. எட்டும் சேர்ந்தால் மட்டுமே வாயில் திறக்கும்.

இத்தனை கண்டிப்பு ஏன்? டி செல் என்பது கொல்லும் ஆற்றல் உடைய அணு. அரைகுறையாகப் படித்து முழுவதுமாகச் செயல்படும் ஏற்பி, நம் உடலுக்கே பகையாகிவிடும். ஆகவேதான் படிக்கும் பகுதியும் ஒலிக்கும் பகுதியும் சரியாகப் பொருந்திய பின்பே அது காவலுக்கு அனுப்பப்படுகிறது. அவ்வாறு அனுப்பப்படும் ஏற்பிகள் ஒரு டி செல்லின் மேற்பரப்பில் ஏறத்தாழ 30,000 இருக்கும்.

தைமஸ் நடத்தும் தேர்வு

இனி வரப்போகும் கிருமிகள் எவை என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எண்ணற்ற வடிவங்களை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் வழியை உடல் கைக்கொண்டுள்ளது. ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளுக்கான மரபணுக்கள் பல துண்டுகளாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு டி செல்லும் தைமஸில் முதிரும்போது, அத்துண்டுகளுள் சிலவற்றைத் தேர்ந்து, இடையில் உள்ளவற்றை வெட்டி நீக்கி, தனக்கென ஒரு சேர்க்கையை அமைத்துக்கொள்கிறது. வெட்டும் பணியைச் செய்பவை ‘ராக்1’, ‘ராக்2’ என்னும் புரதங்கள்.

முதலில் பீட்டா அமைகிறது. அது செம்மையாக உள்ளதா என்று ஒரு தற்காலிகத் துணைச் சங்கிலியுடன் சேர்த்துச் சோதிக்கப்படுகிறது. தேறினால் ஆல்ஃபா அமைக்கப்படுகிறது. அதன்பின் முழு ஏற்பியும் தேர்வுக்கு உட்படுகிறது. நம் எச்.எல்.ஏ. தாங்கியைச் சிறிதும் படிக்க இயலாதவை மடிகின்றன. நம் சொந்தப் புரதங்களோடு வலுவாகப் பிணைபவையும் பெரும்பாலும் மடிகின்றன. தைமஸில் உருவாகும் இளம் டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை வெளியே வருவதில்லை.

வெட்டி நீக்கப்பட்ட மரபணுத் துண்டு வளையமாகச் சுருண்டு சில காலம் செல்லுக்குள் தங்கியிருக்கும். அந்த வளையத்திற்கு ‘டிரெக்’ என்று பெயர். செல் இரண்டாகப் பிரிந்தாலும் வளையம் பெருகுவதில்லை. ஆகவே ஒரு குழந்தையின் ரத்தத்தில் டிரெக் நிறைய இருந்தால், அதன் தைமஸ் புதிய டி செல்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கழிவாக வெட்டியெறிந்த துண்டே உயிர்காக்கும் தடயமாகிவிட்டது. பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் இதனை அளந்து, கடும் நோய் எதிர்ப்புக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் முதன்முதலாகத் தொடங்கியது. நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படும் திட்டமாக இது இன்னும் அமையவில்லை. எனவே பெற்றோரின் விழிப்பு இங்கு மிகவும் இன்றியமையாதது.

ஒரு சங்கிலி இல்லாமற்போனால்

எட்டும் சேர்ந்தால்தான் வாயில் திறக்கும் என்று கூறினோம். பிறவியிலேயே ஒரு சங்கிலிக்கான மரபணு பழுதுபட்டிருந்தால் என்னவாகும்? சிடி3 டெல்ட்டா, சிடி3 எப்சிலான், ஸீட்டா ஆகியவற்றுள் ஒன்று அமையாத குழந்தைகளுக்கு டி செல்களே இல்லாமற்போகலாம். அல்லது மிகக் குறைவாக இருக்கலாம். இது ‘கடும் கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு’ எனப்படும் நோய்த்தொகுதியின் ஒரு வகை. ராக் புரதங்கள் அமையாதபோதும் இந்நோய் தோன்றும். காமா சங்கிலி மட்டும் அமையாதபோது நோய் பெரும்பாலும் சற்று மென்மையாக இருக்கும்; ஆயினும் உடல் தன்னையே தாக்கும் கோளாறுகள் அவர்களிடம் காணப்படுவது உண்டு. இந்நோய்த்தொகுதியில் ஏற்பியோடு நேரடித் தொடர்பில்லாத வேறு மரபணுக்களின் பழுதால் வருபவையும் பல உள்ளன.

இக்குழந்தைகள் பிறக்கும்போது நலமாகவே தோன்றுவர். முதல் சில மாதங்களில்தான் அறிகுறிகள் தலைகாட்டும். மருந்திட்டும் திரும்பத் திரும்ப வரும் வாய் வெண்படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, அடுத்தடுத்து வரும் நிமோனியா, எடை ஏறாமை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் குறிப்பைத் தந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு லிம்போசைட்டுகள் பெரியவர்களைவிட மிகுதியாக இருப்பதே இயல்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500 என்பது கவலைக்குரிய எண் அன்று. கைக்குழந்தைக்கோ 3,000-க்குக் கீழே இருந்தாலே மீண்டும் பரிசோதித்துக் காரணம் தேட வேண்டும்.

காலம் இங்கு எவ்வளவு பொருளுடையது என்பதை ஓர் ஆய்வால் உணரலாம். வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்ற இத்தகைய 240 குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிர்வாழ்ந்தனர். அவ்வயதைக் கடந்து, தொற்று நோயின் பிடியில் இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் அது 50 விழுக்காடாகவே இருந்தது. தொற்று வருமுன் கண்டறிவதே பாதி வெற்றி என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. நலமான குழந்தைகளுக்கு அது பெருநன்மை தருவது. அதனைத் தவிர்க்கும்படி எவருக்கும் நாங்கள் கூறமாட்டோம். ஆனால் அது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் ஆன மருந்து. டி செல் இல்லாத குழந்தையின் உடலில் அக்கிருமி பரவக்கூடும். வாய்வழிப் போலியோ, ரோட்டா, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பு மருந்துகளும் உயிருள்ள கிருமிகளால் ஆனவையே. ஆகவே, குடும்பத்தில் முன்பு ஒரு குழந்தை கைக்குழந்தைப் பருவத்தில் தொற்று நோயால் இறந்திருந்தால், அடுத்த பேற்றுக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் அதனைத் தெரிவியுங்கள். பிறந்த குழந்தையின் லிம்போசைட்டுகளைப் பரிசோதித்து அறியும் வரை உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிவைக்கலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வர். இக்குறைபாடு ஐயுறப்படும் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிரூட்டப்பட்ட ரத்தமே ஏற்றப்பட வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

மரபணு என்றவுடன், ‘யார் பக்கத்திலிருந்து வந்தது?’ என்ற கேள்வி வீட்டில் எழுவதை நாங்கள் அறிவோம். சிடி3 சங்கிலிகளின் குறைபாட்டைப் பொறுத்தவரை அக்கேள்விக்கே இடமில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு ஒவ்வொன்று வந்து சேரும்போதுதான் நோய் தோன்றுகிறது. இருவரும் முழு நலத்துடன் இருப்பர். தம்மிடம் அது இருப்பதை அறிந்திருக்கவும் மாட்டார். இத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பழி சுமத்துவதற்காக நாங்கள் இதனைக் கேட்பதில்லை. அடுத்த குழந்தையைக் காப்பதற்காகவே கேட்கிறோம்.

மணி ஒலித்த பின்

ஏற்பி அயல் துணுக்கைப் படித்தவுடன் என்ன நிகழ்கிறது? சிடி3 சங்கிலிகளின் உட்புற வால்களில் தலைக்கு ஒன்றும், ஸீட்டாவின் வால்களில் தலைக்கு மூன்றும் என மொத்தம் பத்துச் சமிக்ஞைப் பகுதிகள் உள்ளன. துணைக்கு நிற்கும் சிடி4 அல்லது சிடி8 என்னும் புரதம் ‘எல்சிகே’ என்னும் நொதியை அருகே கொண்டுவருகிறது. அது அப்பகுதிகளில் பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. அங்கே ‘ஸாப்-70’ என்னும் மற்றொரு புரதம் வந்து அமர்ந்து செய்தியைத் தொடர்கிறது. செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. கால்சிநியூரின் என்னும் நொதி விழிக்கிறது. இறுதியில் மரபணுக்கள் இயங்கி, டி செல் பெருகத் தொடங்குகிறது.

சிறுநீரக மாற்று அல்லது ஸ்டெம் செல் மாற்றுப் பெற்றவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவை தடுப்பது இந்தக் கால்சிநியூரினைத்தான். அவை ஏற்பியை அழிப்பதில்லை. ஏற்பி படித்துக்கொண்டே இருக்கும். செய்தி மட்டும் நடுவழியில் நிறுத்தப்பட்டிருக்கும். மாத்திரையை விட்டுவிட்டால் செய்தி மீண்டும் செல்லத் தொடங்கிவிடும். ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எண்ணி ஒரு வேளை மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது என்று நாங்கள் கூறுவது இதனால்தான். மருந்தின் அளவை அறிய ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் எடுத்த பின்பே காலை மாத்திரையை உட்கொள்ளுங்கள். வேறு எந்த மருந்தையோ நாட்டு மருந்தையோ தொடங்குமுன் எங்களிடம் கூறுங்கள். ரத்தத்தில் இம்மருந்துகளின் அளவை அவை கூட்டவோ குறைக்கவோ கூடும்.

அறிக்கையைப் படிக்கும்போது

இனி அந்த அறிக்கைக்கு வருவோம். பரிசோதனைக்கூடத்தில் ஒளிரும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் கலந்து, எத்தனை லிம்போசைட்டுகளின் மேற்பரப்பில் சிடி3 ஒளிர்கிறது என்று எண்ணுகின்றனர். எட்டுச் சங்கிலிகளும் கூடாமல் சிடி3 மேற்பரப்பிற்கு வராது. ஆகவே, மேற்பரப்பில் சிடி3 ஒளிர்ந்தால் அது முழு ஏற்பி கொண்ட முதிர்ந்த டி செல் என்று கொள்ளலாம். பெரியவர்களின் ரத்த லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 60 முதல் 85 விழுக்காடு இத்தகையவை. சிடி4, சிடி8 என்பவை அவற்றின் உட்பிரிவுகள். சிடி19 என்பது பி செல்லின் அடையாளம்.

டி செல் வகை ரத்தப்புற்றுநோய் அறிக்கைகளில் சில வேளைகளில், ‘செல்லின் உள்ளே சிடி3 உண்டு, மேற்பரப்பில் சிடி3 இல்லை’ என்று எழுதப்பட்டிருக்கும். ஒரே அறிக்கை உண்டு என்றும் இல்லை என்றும் கூறுவது முரண் அன்று. எப்சிலான் சங்கிலி மிக இளம் பருவத்திலேயே உருவாகிவிடுகிறது. ஆல்ஃபாவும் பீட்டாவும் அமையும்வரை அது உள்ளேயே காத்திருக்கும். முதிர்ச்சியின் நடுவழியில் புற்றாக மாறிய செல்லில் ஏற்பி கூடி முடிந்திருக்காது. ஆகவே எப்சிலான் உள்ளேயே தங்கிவிடுகிறது. அது டி செல் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு நாங்கள் கொள்ளும் முதன்மைச் சான்று அதுவே. நோய் கூடியதா குறைந்ததா என்பதற்கான அளவுகோலாக அவ்வரியைக் கொள்ள வேண்டாம்.

மருந்தாக மாறிய அறிவு

ஏற்பியின் அமைப்பை அறிந்ததன் பயன் இன்று சிகிச்சையில் கிட்டியுள்ளது. சிடி3-ஐப் பற்றிக்கொள்ளும் ‘ஓகேடி3’ என்னும் எதிர்ப்பொருள், சிறுநீரக மாற்றில் ஏற்படும் கடும் நிராகரிப்புக்குச் சிகிச்சையளிக்க 1986-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிடி3-ஐப் பற்றும் மற்றொரு மருந்தான டெப்லிஸுமாப், முதல் வகை நீரிழிவு வெளிப்படுவதைத் தள்ளிப்போடும் மருந்தாக 2022-இல் அங்கு ஒப்புதல் பெற்றது. பிளினாடுமோமாப் என்னும் மருந்து ஒரு முனையால் டி செல்லின் சிடி3-ஐயும், மறுமுனையால் புற்றான பி செல்லின் சிடி19-ஐயும் பிடித்து இரண்டையும் அருகருகே நிறுத்துகிறது.

‘கார் டி செல்’ சிகிச்சையில், நோயாளியின் டி செல்களை எடுத்து, புற்றுச்செல்லை நேரடியாக அறியும் ஒரு முனையையும், ஸீட்டா சங்கிலியின் வாலையும் இணைத்த புதிய ஏற்பியை அவற்றுக்குள் உருவாக்குகின்றனர். கை புதிது, மணி இயற்கையின் மணியே. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. இச்சிகிச்சைகளில் டி செல்கள் ஒரே நேரத்தில் விழித்தெழுவதால் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, மனக்குழப்பம் ஆகியன தோன்றலாம். உடனிருந்து பார்த்துக்கொள்வோர், சிறு காய்ச்சலாயினும், பேச்சிலோ கையெழுத்திலோ சிறு தடுமாற்றமாயினும், இரவு பகல் பாராது உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.

முழுப் பொருத்தமுள்ள கொடையாளி கிடைக்காத குழந்தைக்குத் தாயோ தந்தையோ பாதிப் பொருத்தத்துடன் ஸ்டெம் செல் வழங்குவது உண்டு. அப்போது ஆல்ஃபா–பீட்டா ஏற்பி கொண்ட டி செல்களை மட்டும் பிரித்தெடுத்து விலக்கிவிடும் முறை சில மையங்களில் உள்ளது. நோயாளியின் உடலைத் தாக்கக்கூடியவை பெரும்பாலும் அவையே. காமா–டெல்ட்டா வகையோ தங்கி, தொற்றுக்கு எதிராக உதவுகிறது. விலக்கப்பட்டவற்றின் இடத்தில், கொடையாளியின் ஸ்டெம் செல்களிலிருந்து புதிய டி செல்கள் நோயாளியின் தைமஸில் முதிர்ந்து வர வேண்டும். அங்கே ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகளை வெட்டி இணைத்து, எட்டுச் சங்கிலிகளையும் கூட்டி, தேர்வில் தேறி வெளிவர வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அக்காலம் முழுவதும் தனியறை, முகக்கவசம், கைகழுவுதல், நன்கு வெந்த உணவு ஆகியவற்றை நாங்கள் வலியுறுத்துவது, உள்ளே நடந்துகொண்டிருக்கும் இப்பணி நிறைவுறும்வரை வெளியிலிருந்து காவல் காப்பதற்கே.

அடுத்த முறை வரும்போது அறிக்கையைக் கையோடு கொண்டுவாருங்கள். சிடி3 என்ற வரியைச் சுட்டி, ‘இந்த வயதுக்கு இது போதுமா? சென்ற முறைக்கு இப்போது எவ்வாறு உள்ளது? இப்போது எந்தத் தடுப்பூசியைப் போடலாம், எதனைத் தவிர்க்க வேண்டும்?’ என்ற மூன்று வினாக்களையும் தயங்காமல் கேளுங்கள். அவற்றுக்கு விடை கூறுவது எங்கள் கடமை.